‘ஆம்’ என்ற பொத்தான்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு வந்து, நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸை வழித்துப் போட்டுவிட்டு, “அக்கா, இனிமே உனக்கு விடுதலை” என்று சொல்லி ரயிலேறியவனுக்கு என்ன குறை?

திங்கட்கிழமை மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பொத்தான் இல்லை, மெனு இல்லை, ஒரு படம்கூட இல்லை. நீ ஒட்டிவிட்டுப் போன மஞ்சள் சீட்டில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்து, ஒருவழியாக வருகைப் பதிவைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் அடைப்புக்குறியுமாக, யாரோ கீபோர்டின் மேல் உட்கார்ந்து எழுந்ததுபோல இருக்கிறது. பதினோரு மாதப் பதிவு.

அது என்ன பதிவு என்று உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். சலவை ஆலையில் விரல் வைக்கிற மெஷின் வந்த நாளிலிருந்து, ப்ளீச் பிரிவுப் பெண்களை அது அடையாளம் காணவில்லை. மூன்று தடவை விரல் வைக்க வேண்டும். படியாவிட்டால் சிவப்பு விளக்கு. அவர்கள் உள்ளே போய் எட்டு மணி நேரம் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைப்பார்கள். மாதக் கடைசியில் தாளில் “வரவில்லை” என்று இருக்கும். இப்படி “வராமலே” வேலை செய்த இருபத்தாறு பேரை நீக்கிவிட்டார்கள். அவர்கள் வந்தார்கள் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி, நான் தினமும் காலையும் மாலையும் ஆலை வாசலில் நின்று, பெயர் கேட்டு நேரத்தோடு எழுதி, அன்றன்றே தட்டச்சு செய்து வைத்த அந்தப் பதிவு. மே ஆறாம் தேதி தொழிலாளர் நீதிமன்றத்தில் விசாரணை.

சங்கத் தலைவி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கம்பெனிக்காரன் செஞ்சிருந்தா போலீசுக்குப் போயிருக்கலாம். உன் தம்பியில்ல செஞ்சிருக்கான். எங்கடி போறது?”

புதிதாக ஏதாவது அடிக்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. இருபத்தைந்து வருடமாகத் தட்டச்சு மெஷின் முறையில் அடித்த விரல்கள் இவை. நீ ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் வருகிற முறையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். யாரைக் கேட்டாய்?

போன் பண்ணாதே. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் பாதி சொல்லிவிட்டு “விடுக்கா, உனக்குப் புரியாது” என்பாய். எழுது. காகிதத்தில் பாதியில் நிறுத்த முடியாது.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எதுவும் அழியவில்லை. எல்லாக் கோப்புகளையும் நகல் எடுத்து வைத்த பிறகுதான் வட்டை அழித்தேன். நீ ஏதோ பழைய காலத்து எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறாய். அந்த எழுத்துரு விண்டோஸுக்குள் இருந்தது, அதோடு போய்விட்டது. எழுத்துருவைப் போட்டால் தமிழ் திரும்பி வரும். ஐந்து நிமிட வேலை. இதற்கு ஒரு கடிதம், அதில் போலீஸ் வேறு.

உன் மெஷின் எந்த நிலையில் இருந்தது தெரியுமா? அந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் வராது. புதிய விண்டோஸ் அந்தப் பழைய மெஷினை ஏற்காது. அதுவும் யாரோ திருட்டு நகலில் போட்டுக் கொடுத்தது. ஒரு கோப்பைத் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம். மூன்று வைரஸ் பிடித்தேன். ஆலைக்காரனுக்கு எதிராக வழக்கு நடத்துகிற சங்கம் இப்படி ஒரு மெஷினையா நம்பி இருக்கும்?

விண்டோஸுக்குப் பதிலாக நான் போட்டிருப்பது ஆர்ச் என்ற வகை லினக்ஸ். நான் பயன்படுத்துவதும் அதுதான். எங்கள் கம்பெனியில் வருகைப் பதிவு மெஷின்களுக்கு நான் எழுதுகிற மென்பொருளும் லினக்ஸில்தான் ஓடுகிறது. யாருக்கும் அடிமை இல்லை, யாரும் வேவு பார்க்க முடியாது. ஆரம்பக்காரர்களுக்கென்று பொம்மைபோல நிறைய லினக்ஸ் இருக்கின்றன. அவற்றைப் போட்டால் நீ கடைசிவரை ஆரம்பக்காரியாகவே இருப்பாய். இரண்டு வாரம் கஷ்டப்படு. பழகிவிடும்.

கட்டளைகள் பின்பக்கத்தில். அப்படியே அடி.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

பின்பக்கத்தில் நீ எழுதியதை அப்படியே அடித்தேன். அப்படியே திட்டியது. ஒன்பது வரியில் ஏதோ சொன்னது. கடைசி வரி மட்டும் எனக்குப் புரிந்தது: அனுமதி இல்லை. என் அலுவலகத்தில், என் மேஜையில், எனக்கு அனுமதி இல்லை.

ஆரம்பக்காரி என்கிறாய். நீ பால்பல் விழாமல் திரிந்தபோது நான் வக்கீல் ஆபீசில் ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் அடித்தவள். எனக்குத் தட்டச்சு தெரியும், சட்ட நடை தெரியும், எந்த மனுவை எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று தெரியும். உன் கறுப்புத் திரை தெரியாது, அவ்வளவுதான். அதற்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும்? ஒரு வீட்டுக்குப் படி வைக்காமல் கட்டிவிட்டு, ஏறத் தெரியாதவள் என்று என்னைச் சொல்கிறாய்.

இன்னொன்று. நேற்று ஆலை வாசலுக்குப் போனேன். காவல்காரர் தெரிந்தவர். “ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போம்மா, மேனேஜர் வர்றதுக்குள்ள” என்றார். அந்த விரல் மெஷினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கீழே ஒரு வெள்ளி ஒட்டுத்தாள். உன் கம்பெனியின் பெயர். போன தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்தது என்று சொல்லி நீ எனக்கு அனுப்பிய குடையில் இருக்கிற அதே முத்திரை.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் நீ என்ன வேலை பார்க்கிறாய்? தெரியும் என்றால் நீ என்ன மனிதன்?

யாருக்கும் அடிமை இல்லை என்று எழுதியிருந்தாய். இருபத்தாறு பேரை வீட்டுக்கு அனுப்பிய அந்தப் பெட்டிக்குள்ளும் உன் லினக்ஸ்தானே ஓடுகிறது? அவர்களுக்கும் விடுதலைதான், வேலையிலிருந்து.

நீ வாங்கிக் கொடுத்த போன் நினைவிருக்கிறதா? விரல் வைத்தால் திறக்கும் என்றாய். திறக்கவில்லை. “நீ சரியா வைக்கலக்கா” என்று நாலு தடவை என் கையைப் பிடித்து அழுத்தினாய். ஐந்தாவது தடவை எரிச்சலோடு பூட்டை எடுத்துவிட்டாய். ஏன் படியவில்லை என்று கேட்டாயா? நீ படித்த ஆறு வருடமும் நான் அதே ஆலையில், அதே ப்ளீச் தொட்டியில் கைவிட்டவள். என் விரலில் ரேகை இல்லையடா. வழவழவென்று இருக்கிறது, கண்ணாடி மாதிரி.

விண்டோஸையே திருப்பிப் போட்டுக் கொடு. இல்லையென்றால் வேறு யாரையாவது பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

ஆலை எங்கள் வாடிக்கையாளர் என்று எனக்குத் தெரியாது. அறுநூறு இடத்தில் எங்கள் மெஷின் இருக்கிறது; எனக்கு அவை வெறும் எண்கள். இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளாதே. உண்மை இதுதான் என்று சொல்கிறேன். நான் மெஷினைச் செய்கிறேன், அதை வைத்து ஆளை நீக்குவது அவர்கள். கத்தி செய்கிறவனைக் கொலைகாரன் என்பாயா? எனக்கும் வீடு இருக்கிறது, அதில் ஏழு மாதக் கர்ப்பிணி இருக்கிறாள். நீ சங்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டலாம். நான் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

விண்டோஸ் திரும்பி வராது. உன் மெஷினுக்கு அது சரிப்படாது, வேறு ஆள் போட்டாலும் பழைய கதைதான். ஆனால் நான் போட்டதும் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். உனக்கு எது வேண்டும் என்று பார்க்காமல், எனக்கு எது கெத்து என்று பார்த்தேன். “ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது” என்று எழுதியிருந்ததாலேயே மற்றவற்றைத் தொடவில்லை. நாளைக்கு யாராவது பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. உன் மேஜையில் இருக்கும் மெஷினுக்கு.

இதோடு மூன்று பென்டிரைவ் வைத்திருக்கிறேன். சிவப்பில் உபுண்டு, நீலத்தில் சோரின், பச்சையில் லினக்ஸ் மின்ட்; மூன்றும் ஆரம்பக்காரர்களுக்கான லினக்ஸ் வகைகள். மின்ட்டில் பழைய மெஷினுக்கான இலகுவான பதிப்பு. எதையும் உடனே நிறுவாதே. பென்டிரைவைச் சொருகி மெஷினைப் போட்டால் அதிலிருந்தே ஓடும், வட்டைத் தொடாது. ஓட்டிப் பார். பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடு. எல்லாம் பொத்தானும் மெனுவுமாகத்தான் இருக்கும். தட்டச்சு மெஷின் முறையும் இருக்கிறது, எங்கே போய்த் தேர்ந்தெடுப்பது என்று படம் வரைந்திருக்கிறேன். பழைய எழுத்துருவைத் தேடிப் பிடித்து மூன்றிலும் போட்டிருக்கிறேன். இரண்டு தடவை சொடுக்கினால் ‘நிறுவு’ என்று கேட்கும்.

நீயே தேர்ந்தெடு. நான் எது என்று சொல்ல மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

கத்தி செய்கிறவன் யார் கையில் கொடுக்கிறோம் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கலாம். அதை மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

மூன்றையும் பார்த்தோம். நான் மட்டும் இல்லை. நாளைக்கு நான் காய்ச்சலில் படுத்தால் வேறு ஒருத்தி பதிவைத் திறக்க வேண்டும். அதனால் நீக்கப்பட்டவர்களில் ஐந்து பேரை வரச் சொன்னேன். யாரும் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஒரே சோதனைதான் வைத்தேன்: உன் பெயர் இருக்கிற கோப்பைக் கண்டுபிடி, திற, அச்சடி.

சிவப்பு அழகாக இருந்தது, ஆனால் எங்கள் மெஷின் அதைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்கியது. ‘வாயாடி’ என்று நாங்கள் கூப்பிடுகிறவள் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, “இது நம்ம சூப்பர்வைசர் மாதிரிக்கா. கூப்பிட்டு அரை மணி கழிச்சுத்தான் திரும்பிப் பாக்குது” என்றாள். நீலம் பழைய விண்டோஸ் மாதிரியே இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் நாலு கோப்பைச் சேர்த்துத் திறந்தால் அதுவும் திணறியது. பச்சைதான் ஓடியது. கீழே இடது மூலையில் மெனு, அதில் எல்லாம் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினோம். மௌசை இரண்டு தடவை சொடுக்குவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். விரல் நுனி மரத்துப்போனவர்களுக்கு அழுத்தியது தெரியாது, ஐந்தாறு தடவை அழுத்திவிடுகிறார்கள். ஒரு சொடுக்கில் திறக்கும்படி மாற்ற ஓர் இடம் இருந்தது. நானே தேடிக் கண்டுபிடித்தேன். ஆமாம், ஆரம்பக்காரிதான்.

எங்களில் மூத்தவள், பேசவே பேசாதவள், நாற்பது நிமிடம் போராடி அவள் பக்கத்தை அச்சடித்தாள். தாள் வெளியே வந்ததும் தடவிப் பார்த்தாள். “நான் வந்திருக்கேன்னு எழுதியிருக்கு” என்றாள்.

பச்சையை நிறுவிவிட்டேன். நடுவில் ஓர் இடத்தில், “வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரவா?” என்று கேட்டது. நகல் எடுத்தோமா என்று மூன்று தடவை பார்த்தேன். தலைவியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னேன். அப்புறம்தான் ‘ஆம்’ அழுத்தினேன். நீ அன்றைக்கு யாரையாவது கூப்பிட்டாயா?

பதினோரு மாதமும் தமிழில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் எங்கள் வழக்கை நடத்துகிற வக்கீல் அம்மாவுக்குத் திருப்தி இல்லை. “இது நீங்களே எழுதினது. மெஷின் சொல்றதை எதை வச்சும்மா பொய்னு சொல்லப் போறீங்க?” என்கிறார். ஆலை தன் பதிவைக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நானூறு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு பெயருக்கு நேராகவும் வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

அச்சடித்த தாளோடு விட்டுவிடாதீர்கள். அந்த விரல் மெஷினுக்குள் ஒரு நினைவகக் கார்டு இருக்கிறது. அதன் முழு நகலைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். உங்கள் வக்கீல் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஏன் என்று கேட்காதே. நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. நான் எதையும் அழிக்கிறவள் இல்லை.

கார்டின் நகல் இன்னொரு கார்டில் கிடைத்துவிட்டது. ஆலைக்காரன் சிரித்துக்கொண்டே கொடுத்தானாம். ஏன் சிரித்தான் என்று நேற்று வக்கீல் ஆபீசில் புரிந்தது. அங்கே இருப்பது புத்தம்புது விண்டோஸ். வக்கீலின் குமாஸ்தா கார்டைச் சொருகினார். திரையில் ஒரு பெட்டி வந்தது: இந்த வட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?

குமாஸ்தா என்னைத் திரும்பிப் பார்த்து, “காலி கார்டும்மா. ஏமாத்திட்டாங்க. ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது, பண்ணிப் பாப்போமா?” என்றார். அவர் கை மௌசில். அம்பு ‘ஆம்’ மேல்.

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். நான் கத்தினேன். தெருவில் போகிறவன் நின்று பார்த்திருப்பான். கார்டை வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். குமாஸ்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னம்மா, நான் என்ன திருடனா?” என்றார். “நீங்க திருடன் இல்ல சார். என் தம்பி மாதிரி. நல்லதுன்னு நெனச்சு அமுக்கிடுவீங்க” என்றேன்.

ஏழு வாரத்துக்கு முன்பு நீ அழுத்திய ‘ஆம்’ பொத்தானால் பதினோரு மாதப் பதிவைத் தொலைக்கப் பார்த்தவள் நான். அந்தக் கேள்வியை இப்போது எங்கே பார்த்தாலும் எனக்குப் பயம். அந்தப் பயம்தான் நேற்று இருபத்தாறு பேரைக் காப்பாற்றியது. இதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று நினைத்துவிடாதே.

வக்கீல் அம்மாவையும் குமாஸ்தாவையும் கையோடு சங்கத்துக்கு அழைத்து வந்தேன். எங்கள் பழைய மெஷினில், பச்சை லினக்ஸில், கார்டைச் சொருகினேன். எதுவும் கேட்கவில்லை. படக்கென்று திறந்தது. லினக்ஸ் மெஷினின் கார்டு லினக்ஸுக்குத்தான் புரியும்போல. உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்பு. தாளில் ‘வரவில்லை’ என்று இருக்கிற ஒவ்வொரு காலையிலும், அந்த நேரத்தில், மூன்று மூன்று வரிகள். ஆறு ஐம்பத்திரண்டு. ஆறு ஐம்பத்திரண்டு. ஆறு ஐம்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே 47 என்று ஓர் எண். அதே நேரம் என் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். நாள் நாளாகப் பொருந்துகிறது.

ஆனால் 47 என்றால் என்ன? வக்கீல் அம்மா கேட்கிறார். “தூசி பட்டாலும் நாற்பத்தேழு, பூனை ஏறினாலும் நாற்பத்தேழுன்னு அவங்க சொல்வாங்க. அர்த்தம் தெரிஞ்ச ஒரு ஆள் வந்து கூண்டுல நின்னு சொல்லணும்.”

எனக்கு அப்படி ஓர் ஆளைத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. கார்டைக் கேள் என்றாயே, அப்போதே உனக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான், கத்தி செய்கிறேன் என்று எனக்குக் கடிதம் எழுதினாயா?

இன்னும் பன்னிரண்டு நாள். பாதியில் நிறுத்தாமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

47 என்றால்: விரல் வைக்கப்பட்டது, உயிருள்ள தோல்தான், ஆனால் ரேகை போதவில்லை. தூசிக்கு வேறு எண். பூனைக்கு எண்ணே கிடையாது. ஓர் ஆள் வந்து நின்றார், மெஷினால் அவரைப் படிக்க முடியவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த எண்ணை வைத்தது நான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரு புகார் வந்தது. அறிக்கையில் நிறைய வரிகள் இருக்கின்றன, மேனேஜர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது, சுலபமாக்கு என்றார்கள். சுலபமாக்கினேன். படியாத விரல்களின் வரிகளை அறிக்கையில் காட்டாமல் மறைத்தேன். வந்தார், வரவில்லை, இரண்டே சொல். ஒரு மதியத்தில் முடித்தேன். பாராட்டினார்கள். கார்டிலிருந்து அழிக்கவில்லை. மறைக்க மட்டும்தான் செய்தேன் என்று இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன், அது ஏதோ பெருந்தன்மை மாதிரி.

உனக்குப் படி வைக்காத வீட்டைக் கொடுத்தேன். மேனேஜருக்கு ஜன்னல் இல்லாத வீட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவையும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. உன் விரலைப் பிடித்து நாலு தடவை அழுத்தினேன், அது எந்த எண் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அந்த எண்ணை வைத்தவனே நான்.

நேற்று என் மேலாளரிடம் சொன்னேன். “உன் அக்கா சங்கத்துல இருக்காங்கன்னு எங்ககிட்ட ஏன் மறைச்சே?” என்றுதான் முதலில் கேட்டார். நாற்பத்தேழைப் பற்றி இரண்டாவதாகக்கூடக் கேட்கவில்லை. பேச வேண்டாம், யோசித்துச் செய், வீட்டில் பிள்ளை வரப்போகிறது என்றார். அவர் அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

வீட்டில் இவளிடம் உன் கடிதங்களைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்தாள். “பிறக்கப் போறது கேட்டா என்ன சொல்லுவீங்க, சுலபமாக்கினேன்னா?” என்றாள். அப்புறம் என் சட்டையை இஸ்திரி போட எடுத்துக்கொண்டு போனாள்.

இதோடு இரண்டு பக்க வாக்குமூலம் இருக்கிறது. 47-இன் பொருள், நான் மறைத்த தேதி, மறைக்கச் சொன்னவர்களின் கடிதத்தின் நகல். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருவேளை ரயிலிலோ என் மனத்திலோ ஏதாவது ஆகி நான் வராமல் போனாலும், இது உன்னிடம் இருக்கும். இதை வக்கீலிடம் கொடு. ஆனால் வருவேன். ஐந்தாம் தேதி மதியம் சங்கத்துக்கு வந்து, ஆறாம் தேதி கூண்டில் நிற்பேன்.

திட்ட வேண்டியதை மிச்சம் வைத்திரு. நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி


மே 3

தம்பிக்கு,

வாக்குமூலம் வந்தது. நகல் எடுத்துவிட்டேன், மூன்று. இருபத்தாறு பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். யாரும் உன்னை வாழ்த்தவில்லை. மூத்தவள் மட்டும், “வரட்டும். வந்தா என் கையை ஒரு தடவை தொட்டுப் பாக்கச் சொல்லு” என்றாள்.

இந்தக் கடிதத்தைப் பச்சையில், என் முறையில் அடித்தேன். ஒரு பிழை இல்லை, பார்த்துக்கொள். நீ கிளம்புமுன் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். உன் போன் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். ரயிலை விட்டு இறங்கியதும் கூப்பிடு, வாசலில் நிற்கிறேன்.

வா. ஆனால் கம்ப்யூட்டரைத் தொடாதே.

அக்கா